விமான மாடல் பிளான்: இலவசமாகத் தேடி, அளவு பிசகாமல் பிரிண்ட் எடுக்க

பால்சா என்ற மிக லேசான மரத்தில் மாடல் விமானம் கட்டும்போது பிளானின் மேல்தான் கட்டுகிறோம். பலகையில் பிளானை விரித்து, அதன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் போட்டு, ஸ்பாரையும் (இறக்கையின் நீளவாக்கில் ஓடும் குச்சி) ரிப்பையும் (அதற்குக் குறுக்கே நின்று இறக்கைக்கு வடிவம் தரும் பலகை) கோட்டின் மேலேயே குண்டூசி குத்தி நிறுத்தி ஒட்டுகிறோம். காகிதத்தில் இருக்கும் பிழை அப்படியே மரத்துக்கு இறங்கிவிடும். இடது இறக்கையின் பிளான் 4 மி.மீ. நீண்டிருந்தால் இறக்கையும் 4 மி.மீ. நீண்டே வரும். ஒட்டிய தாள் சற்றுச் சாய்ந்திருந்தால் வால் கோணலாகும், விமானம் நேராகப் பறக்காது. இலவச பிளான்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன, தேடுவது பெரிய வேலை இல்லை. பிரிண்ட் எடுக்கும் இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். அதனால் இங்கே அதற்கே அதிக இடம்.

எங்கே கிடைக்கும்

முதலில் பார்க்க வேண்டியது அவுட்டர்ஸோன் இணையதளம். பழைய மாடலிங் இதழ்களில் வந்தவை, கிட் (பாகங்களும் பிளானும் அடங்கிய பெட்டி) கம்பெனிகள் விற்றவை என ஆயிரக்கணக்கான பிளான்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். வடிவமைத்தவர் பெயர், வெளியான ஆண்டு, இறக்கை நீளம், எந்த வகை மாடல் என்ற விவரங்கள் கூடவே இருக்கும். பல பிளான்களுக்கு இதழில் வந்த கட்டுமானக் கட்டுரையும் தனி ஃபைலாகக் கிடைக்கும். அதை விட்டுவிடாதீர்கள். பிளானில் வெறும் கோடாகத் தெரியும் பாகங்களை எந்த வரிசையில் ஒட்டுவது, எங்கே மரத்தை நனைத்து வளைப்பது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். ஏரோஃப்ரெட்டும் இதே போன்ற பெரிய தொகுப்பு. ஒரே பிளான் இரண்டிலும் இருந்தால் இரண்டையும் இறக்கிப் பாருங்கள். ஒன்றில் மங்கிப்போன கோடு இன்னொன்றில் தெளிவாக இருக்கலாம்.

ரப்பர் முறுக்கில் பறக்கும் சின்ன மாடல்களுக்கு ஹிப் பாக்கெட் ஏரோநாட்டிக்ஸ் தளம் நல்ல இடம். வால்ட் மூனி, ஏர்ல் ஸ்டால் ஆகிய வடிவமைப்பாளர்களின் பெயரைப் போட்டுத் தேடினாலும் நல்ல ரப்பர் ஸ்கேல் பிளான்கள், அதாவது ரப்பரில் பறக்கும் நிஜ விமானத்தின் சிறு வடிவங்கள், கிடைக்கும். பீனட் என்ற வகையில் இறக்கை 13 அங்குலத்தை, அதாவது 330 மி.மீ.யைத் தாண்டாது. முழு பிளானும் இரண்டு மூன்று ஏ4 தாளில் அடங்கிவிடுவதால் பிரிண்ட் எடுத்து ஒட்டிப் பழக இதைவிட வசதியானது இல்லை.

அமெரிக்காவின் அகாடமி ஆஃப் மாடல் ஏரோநாட்டிக்ஸ் அமைப்போடு சேர்ந்தே பேசப்படும் மாடல் டெல்டா டார்ட். ஃபிராங்க் ஏலிங் வடிவமைத்தது. அதில் பிளான் காகிதமே இறக்கையின் உறையாகிவிடும். அச்சான காகிதத்தின் மேல் பால்சா குச்சிகளை ஒட்டி, காய்ந்ததும் ஓரத்தோடு வெட்டி எடுக்க வேண்டியதுதான். அதனால் இதற்கு மட்டும் கிடைப்பதிலேயே மெல்லிய காகிதத்தில் பிரிண்ட் எடுங்கள். வழக்கமான 80 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாள் இந்த மாடலுக்குக் கனம்.

ஃபோம் போர்டில் கட்டுவதென்றால் ஃப்ளைட் டெஸ்ட் தளத்தின் பிளான்களைப் பாருங்கள். பல மாடல்களுக்கு முழு அளவு பிளான் ஒன்று, பக்கம் பக்கமாகப் பிரித்த பிளான் ஒன்று என இரண்டும் தருகிறார்கள். அவை சுமார் 5 மி.மீ. தடிமனும் 20 × 30 அங்குல அளவும் கொண்ட போர்டை வைத்து வரையப்பட்டவை. உங்கள் போர்டு 3 மி.மீ. என்றால் பாகங்கள் நுழையும் பள்ளங்கள் எல்லாம் லொடலொடவென்று நிற்கும்.

தேடும்போது விமானத்தின் பெயரை ஆங்கிலத்தில் அடித்து, கூடவே பிளான், பி.டி.எஃப். என்ற சொற்களையும் இறக்கை நீளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பைப்பர் கப் போன்ற பிரபல விமானத்துக்கு உள்ளங்கை அளவு முதல் ஆள் உயரம் வரை ஏராளமான பிளான்கள் இருப்பதால், நீளம் சொல்லாமல் தேடினால் நாள் முழுக்கப் போய்விடும். பிளான் ஃபைல் என்பது பி.டி.எஃப்., டிஃப், ஜிஃப், ஜேபெக் என்று இருக்கும், கணினியில் வரைந்த கேட் வரைபடம் என்றால் டி.எக்ஸ்.எஃப். அல்லது டி.டபிள்யூ.ஜி. அல்லது இவற்றைக் கட்டிவைத்த ஜிப். இறக்கியது இ.எக்ஸ்.இ. என்று வந்தால் திறக்காமல் அழித்துவிடுங்கள். எந்தப் பிளானும் அந்த வடிவத்தில் வராது.

இலவசமாகக் கிடைப்பதால் உரிமை யாருக்கும் இல்லை என்று அர்த்தமில்லை. சொந்தமாகக் கட்டிப் பறக்கவிடுவது வேறு, பிரிண்ட் போட்டு விற்பது வேறு. வடிவமைத்தவர் இன்றும் விற்றுக்கொண்டிருக்கும் பிளானைக் காசு கொடுத்து வாங்குவதே மரியாதை.

தாளை வீணாக்கும் முன் பார்க்க வேண்டியவை

ஃபைலைத் திறந்ததும் முதலில் முழுமையாக இருக்கிறதா என்று பாருங்கள். இறக்கை, உடலின் பக்கவாட்டுத் தோற்றம், மேல் தோற்றம், வால், ரிப் வடிவங்கள், ஃபார்மர் (உடலின் குறுக்குவெட்டுச் சட்டம்) வடிவங்கள் எல்லாம் இருக்க வேண்டும். ஃபார்மர்களுக்கு எஃப்1, எஃப்2 என்று எண் இருக்கும். எஃப்1 முதல் எஃப்9 வரை பக்கவாட்டில் தெரிகிறது, தனி வடிவமாக எஃப்6 வரைதான் இருக்கிறது என்றால் இரண்டாவது தாள் ஒன்று விடுபட்டிருக்கிறது. கிட் பிளான்களில் இது அடிக்கடி நடக்கும். பாகங்கள் அச்சடித்த பால்சாப் பலகைகளாக கிட் பெட்டிக்குள்ளேயே இருந்ததால் பிளானில் அவற்றை வரைந்திருக்க மாட்டார்கள். பலகையையும் யாராவது ஸ்கேன் செய்து சேர்த்திருக்கிறார்களா என்று தேடுங்கள். இல்லாவிட்டால், புதிதாகக் கட்டுபவர் அந்தப் பிளானை விட்டுவிட்டு வேறு பார்ப்பது நல்லது.

ஈர்ப்பு மையம், அதாவது சி.ஜி. குறிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். குறி இல்லாத பிளானில், அடி முதல் நுனி வரை ஒரே அகலமுள்ள செவ்வக இறக்கையென்றால் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் 25 முதல் 30 சதவீதம் தள்ளி வைத்துத் தொடங்கலாம். பின்னோக்கிச் சாய்ந்த இறக்கைக்கும் முக்கோண வடிவ டெல்டாவுக்கும் இந்தக் கணக்கு ஒத்துவராது.

பழைய பிளான்களில் அளவுகள் அங்குலத்தில் இருக்கும். 1/16 அங்குலம் என்றால் 1.6 மி.மீ., 3/32 என்றால் 2.4, 1/8 என்றால் 3.2, 3/16 என்றால் 4.8, 1/4 என்றால் 6.4. கையில் இருக்கும் மரம் 3 மி.மீ., 6 மி.மீ. என்று மெட்ரிக் அளவில் இருந்தால் ஸ்பார் மரத்தையே ரிப்பின் மேல் வைத்து வெட்டும் பள்ளத்தைக் குறியுங்கள், பிளானை நம்பி வெட்டாதீர்கள். 6.4-க்கு வெட்டிய பள்ளத்தில் 6 மி.மீ. ஸ்பார் ஆடும். அந்த இடைவெளியை பசை நிரப்பினாலும் பலம் வராது.

ஃபைல் எந்த வகை

பி.டி.எஃப். என்று பெயர் ஒன்றுதான், உள்ளே இரண்டு வகை உண்டு. 800 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். கோடு கூர்மையாகவே நின்றால் அது கேட்டில் வரைந்த வெக்டர் பிளான். பக்கத்தின் அளவு பெரும்பாலும் சரியாகவே இருக்கும், எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு கெடாது. கோடு படிக்கட்டு போல உடைந்தால் ஸ்கேன் செய்த படம். தொல்லைகள் எல்லாம் இந்த இரண்டாவது வகையில்தான்.

ஸ்கேன் படத்துக்கு இயல்பாக மி.மீ. கிடையாது, பிக்சல் மட்டும்தான். ஒரு அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்ற டி.பி.ஐ. எண்ணை வைத்துத்தான் பிரிண்டர் அளவை முடிவு செய்கிறது. அந்த எண் ஃபைலில் தவறாக இருந்தால் பிளானும் தவறாகவே வரும். உதாரணமாக 36 அங்குல இறக்கை படத்தில் 7,200 பிக்சல் நீளம் இருக்கிறது என்று வையுங்கள். 7,200-ஐ 36-ஆல் வகுத்தால் 200, இதுதான் சரியான டி.பி.ஐ. அதே ஃபைலில் 72 என்று பதிவாகியிருந்தால் இறக்கை 100 அங்குலத்துக்கு, இரண்டரை மீட்டருக்கு மேல் அச்சாகும்.

இதைத் திருத்த இலவச மென்பொருளான கிம்ப் போதும். படத்தைத் திறந்து, அளவெடுக்கும் கருவியால் இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பிக்சலை அளந்து, பிளானில் எழுதியிருக்கும் நீளத்தால் வகுத்து, அச்சு அளவு என்ற பகுதியில் அந்த எண்ணைக் கொடுங்கள். பிக்சலைத் தொட வேண்டாம். பி.டி.எஃப். ஸ்கேனை கிம்பில் திறக்கும்போது எத்தனை டி.பி.ஐ. என்று கேட்கும், 300 கொடுத்தால் கோடு தெளிவாக வரும்.

இங்கே ஒரு நுணுக்கம். அறிவித்த இறக்கை நீளம் என்பது சில பிளான்களில் மட்டமாக விரித்த நீளம், சிலவற்றில் இறக்கை மேல்நோக்கி வளைந்தபின் முனையிலிருந்து முனைக்கு நேராக அளந்த நீளம். 500 மி.மீ. பாதி இறக்கை 10 டிகிரி மேல்நோக்கி ஏறினால் நேர்நீளம் 492 மி.மீ. ஆகிவிடும். ஒரு பக்கத்துக்கு 8 மி.மீ. வித்தியாசம். அதனால் இறக்கை நீளத்தை மட்டும் நம்பாமல் பிளானில் எண்ணோடு எழுதியிருக்கும் இன்னொரு பெரிய அளவையும் சோதியுங்கள். உடல் நீளம், இறக்கை அகலம் இரண்டும் நல்லவை. 1/8 அங்குலக் குச்சியின் தடிமனை அளந்து ஸ்கேல் கண்டுபிடிக்க முயல வேண்டாம். கோட்டின் தடிமனே அந்த அளவில் கால் பங்கு வரும்.

நீளம் சரி, அகலம் தவறு

ஸ்கேன் பிளான்களில் எளிதில் கண்ணுக்குப் படாத கோளாறு இது. பெரிய பிளானை உருளை வழியாக இழுத்து ஸ்கேன் செய்யும் இயந்திரத்தில் காகிதம் சற்று வழுக்கினாலே இழுக்கும் திசையில் மட்டும் அளவு மாறிவிடும். பல ஆண்டுகள் மடித்து வைத்த காகிதமும் ஈரத்தில் ஒரு திசையில் அதிகமாகவும் மறு திசையில் குறைவாகவும் நீண்டு சுருங்கும். இறக்கை நீளம் மிகச் சரியாக இருக்கும், ஆனால் ரிப் இறக்கையில் பொருந்தாது.

சோதிக்க வழி பிளானிலேயே இருக்கிறது. உடலோடு சேரும் முதல் ரிப்பின் வடிவம் பெரும்பாலும் தாளில் கிடையாக வரையப்பட்டிருக்கும். அதே ரிப்பின் நீளம் இறக்கையின் மேல் தோற்றத்தில் செங்குத்தாக வரும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ரிப் 152 மி.மீ., இறக்கைப் படத்தில் அதே இடம் 149 மி.மீ. என்று வந்தால் செங்குத்துத் திசை 2 சதவீதம் சுருங்கியிருக்கிறது. இறக்கை நீளம் கிடையாகச் சரியாக இருந்தால் கிடை அளவைத் தொட வேண்டாம். கிம்பில் இரண்டு திசைகளின் டி.பி.ஐ. எண்களைப் பிணைக்கும் சங்கிலிக் குறியைக் கழற்றிவிட்டு, கிடைக்கு 200, செங்குத்துக்கு 196 என்று கொடுங்கள். எண் குறைந்தால் அச்சு பெரிதாகும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தை வட்டமாக வரைந்திருந்தால் அதையும் இரண்டு திசையிலும் அளந்து பார்க்கலாம்.

இன்னொரு சோதனை ஃபார்மர்களில். எஃப்3-யின் உயரமும் உடலின் பக்கவாட்டுத் தோற்றத்தில் அதே இடத்தின் உயரமும் ஒத்துப்போக வேண்டும். மேலும் கீழும் ஒட்டும் பலகையின் தடிமனைக் கழிக்க மறக்காதீர்கள், பலர் இங்கே கணக்கைத் தவறவிடுவார்கள். இதழின் நடுப்பக்கத்தில் வந்த பிளான் என்றால் பைண்டிங் விழுங்கிய இடத்தில் இரண்டு பாதியும் சேராமல் நிற்கும். அங்கே ரிப் இடைவெளி மற்ற இடங்களைவிடக் குறைந்திருக்கிறதா என்று பார்த்து அவ்வளவு தூரம் பிரித்து வையுங்கள்.

இதழ்ப் பக்கத்திலேயே அச்சான பிளான்கள் பெரும்பாலும் பாதி, மூன்றில் ஒரு பங்கு என்று சிறிதாக்கப்பட்டவை. அவற்றைப் பெரிதாக்கும்போது கோடும் பெரிதாகும். மூன்று மடங்கு பெரிதாக்கிய கோடு 1 மி.மீ.க்கு மேல் தடிமனாகிவிட்டால், எப்போதும் கோட்டின் நடுவையே எல்லை என்று கொள்ளுங்கள்.

மஞ்சளேறிய காகிதத்தின் ஸ்கேன் சாம்பல் நிறமாக அச்சாகி மையைக் குடிக்கும். கிம்பில் த்ரெஷோல்டு (எது கறுப்பு, எது வெள்ளை என்று பிரிக்கும் எல்லை) கொடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். அந்த எல்லையை நகர்த்தும்போது மெல்லிய கோடுகள் மறையத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்பே நிறுத்த வேண்டும். நீலத்தில் வெள்ளைக் கோடு உள்ள புளூபிரிண்ட் என்றால் முதலில் நிறங்களைத் தலைகீழாக்கிவிட்டு இதைச் செய்யுங்கள்.

வீட்டு பிரிண்டரில்

பிரவுசரிலிருந்தோ போனிலிருந்தோ நேராக பிரிண்ட் கொடுக்க வேண்டாம். அவை தாளுக்கேற்பச் சுருக்கும் வழக்கம் உள்ளவை. ஃபைலைக் கணினியில் இறக்கி அக்ரோபாட் ரீடரில் திறந்துகொள்ளுங்கள்.

ஏற்கெனவே பக்கம் பக்கமாகப் பிரித்த பிளான் என்றால் ஆக்சுவல் சைஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஃபிட் என்று விட்டால் என்ன ஆகும்? அமெரிக்க பிளான்கள் லெட்டர் தாளுக்கு, அதாவது 216 × 279 மி.மீ.க்குப் பிரிக்கப்பட்டவை. ஏ4-இன் அகலம் 210 தான். ஃபிட் கொடுத்தால் 97 சதவீதமோ அதற்கும் கீழோ சுருங்கும், ஒரு மீட்டர் இறக்கை 970 மி.மீ. ஆகிவிடும். இறக்கை, உடல், ரிப் எல்லாம் சேர்ந்தே சுருங்குவதால் கண்ணுக்குத் தெரியாது. பள்ளங்கள் இறுகும்போதும், மோட்டாரும் பேட்டரியும் உள்ளே நுழையாதபோதும்தான் தெரியவரும். ஆக்சுவல் சைஸில் லெட்டர் பக்கத்தின் இரு ஓரமும் ஏ4-இல் சற்று வெட்டுப்படும். ஓரத்தில் கோடு எதுவும் போகவில்லை என்றால் கவலை இல்லை.

பெரிய ஒற்றைப் பக்கமாக இருந்தால் போஸ்டர் என்ற வசதி. டைல் ஸ்கேல் 100, ஓவர்லேப் (தாள்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறும் அகலம்) 10 மி.மீ., வெட்டுக்குறிகளும் பக்க எண்களும் தேவை என்று டிக் செய்யுங்கள். ஓவர்லேப் தானாகவே மிகக் குறைவாக இருக்கும், மாற்றாமல் விட்டால் ஒட்ட இடமே இருக்காது. ஸ்கேல் திருத்த வேண்டியிருந்தாலும் இதே கட்டத்தில் 101.1 என்பது போல தசமத்தோடு கொடுக்கலாம். படமாகவே இருக்கும் பிளானைத் துண்டாக்க போஸ்டரேஸர் என்ற இலவச மென்பொருளும் உண்டு.

எத்தனை தாள் பிடிக்கும்? பிரிண்டரின் ஓரம் போக ஏ4-இல் சுமார் 200 × 287 மி.மீ. அச்சாகும், ஓவர்லேப் 10 போனால் 190 × 277 மீதி. ஏ1 அளவு பிளான் 594 × 841. தாளை நிமிர்த்தி வைத்தால் 16, படுக்க வைத்தால் 15. ஏ0 என்றால் நிமிர்த்தி 25, படுக்க வைத்து 28. இரண்டு விதமாகவும் முன்தோற்றம் பார்த்துவிட்டு, தாளின் எண்ணிக்கையைவிட இறக்கையின் நீளவாக்கில் குறைந்த ஒட்டு வருவதைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு ஒட்டிலும் அரை மி.மீ. தவறினால் ஆறு ஒட்டில் 3 மி.மீ.

முழுதாகப் போடும் முன் ஒரே ஒரு தாள். அதில் கிடையாக 180, செங்குத்தாக 180 மி.மீ. கோடு வரைந்து பிரிண்ட் எடுத்து ஸ்டீல் ஸ்கேலால் அளக்கவும். பிளாஸ்டிக் ஸ்கேலை நம்ப வேண்டாம், ஓரம் தேய்ந்தால் பூஜ்யமே நகர்ந்திருக்கும். 178 வந்தால் 180-ஐ 178-ஆல் வகுத்து 101.1 சதவீதம் கொடுங்கள். சில பிரிண்டர்களில் தாள் நகரும் திசையில் மட்டும் குறையும். அப்படி இருந்தால் முன் சொன்னபடி ஃபைலில் ஒரு திசையை மட்டும் திருத்த வேண்டும். லேசர் பிரிண்டரின் சூடு தாளின் ஈரத்தை எடுத்துவிடும், வெளியே வந்ததும் தாள் சற்றுச் சுருங்கியிருக்கும். ஒரு மணி நேரம் விட்டு அளந்தால் நம்பகமான எண் கிடைக்கும்.

தாள் 80 ஜி.எஸ்.எம். போதும். இங்க்ஜெட் மை ஈரத்தில் கரையும், வெள்ளைப் பசை சொட்டினால் கோடு பரவும். முடிந்தால் லேசரே எடுங்கள்.

ஒட்டும் முறை

எல்லாத் தாளிலும் ஒரே இரண்டு ஓரங்களை மட்டும் வெட்டுங்கள். வலது ஓரமும் கீழ் ஓரமும் என்று வைத்துக்கொண்டால் கடைசித் தாள் வரை அதே. நான்கு ஓரமும் வெட்டினால் ஒட்ட இடமின்றி முட்டவைத்து டேப் போட வேண்டியிருக்கும், அங்கேதான் கோணல் ஏறும்.

முதலில் ஒரு வரிசையை முழுதாக ஒட்டி முடியுங்கள், பிறகு வரிசைகளைச் சேருங்கள். இரண்டு தாளை ஒட்டும்போது வெட்டிய ஓரத்தை அடுத்த தாளின் வெட்டுக்குறியில் வையுங்கள், ஆனால் குறியோடு நிற்காதீர்கள். இரண்டு தாளையும் கடக்கும் ஸ்பார் கோடு ஒன்றைத் தேர்ந்து நீள ஸ்டீல் ஸ்கேலை அதன் மேல் வையுங்கள். ஸ்கேலின் இரண்டு முனையிலும் கோடு ஒட்டி நின்றால் சரி. ஒட்டு இருக்கும் இடத்தில் கோடுகள் பொருந்தினால் போதும் என்று நினைப்பதில்தான் தவறு வருகிறது. அங்கே பொருந்தியிருந்தும் தாள் அரை டிகிரி திரும்பியிருக்கலாம், ஒரு மீட்டர் தள்ளிப் போனால் அது கிட்டத்தட்ட 9 மி.மீ. விலகலாகிவிடும். திசை சரியானதும் மேலும் கீழும் சிறு டேப் துண்டால் பிடித்து, பிறகு ஸ்டிக் பசை தடவுங்கள். வெள்ளைப் பசை வேண்டாம், காகிதம் ஈரத்தில் உப்பி நீண்டுவிடும். ஜன்னல் கண்ணாடியில் வைத்தால் அடித்தாளின் கோடும் தெரியும், வேலை வேகமாகும்.

எல்லாம் ஒட்டியதும் விமானத்தின் நடுக்கோட்டில் மெல்லிய நூலை இறுக்கி இழுத்துப் பாருங்கள். விலகினால் அந்த இடத்து ஒட்டை வெட்டி மறுபடி ஒட்டுவதே சரி. பிளானை மடிக்காதீர்கள், சுருட்டி வையுங்கள். மடிப்புக் கோட்டின் மேல் வைத்த ரிப் செங்குத்தாக நிற்காது.

கடையில் பெரிய பிரிண்ட்

கட்டட வரைபடங்களுக்குப் பெரிய பிரிண்ட் போடும் கடையில் ஒரே தாளில் எடுப்பது மேல். ஒட்டு இல்லை, கோணல் இல்லை. ஒரு மீட்டருக்கு மேல் இறக்கை உள்ள மாடலுக்கு இதைத்தான் சொல்வோம். உருளைத் தாள் பொதுவாக 610, 914 மி.மீ. அகலங்களில் இருக்கும். நீளம் எவ்வளவு வேண்டுமானாலும் போகும் என்பதால் பிளானின் சிறிய பக்கம் இந்த அகலத்துக்குள் வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஃபைலைக் கொடுக்கும் முன் இரண்டு திசையிலும் 500 மி.மீ. கோடு சேர்த்துவிடுங்கள். கடையில் சொல்ல வேண்டியது: நூறு சதவீதம், ஃபிட் வேண்டாம், கறுப்பு வெள்ளை, சாதா பேப்பர். அங்கேயே அளவு டேப்பை எடுத்து இரண்டு கோட்டையும் அளந்துவிட்டு வாங்குங்கள். இரண்டாவது காப்பி வேண்டுமென்றால் பிரிண்டை ஜெராக்ஸ் எடுக்காமல் ஃபைலிலிருந்தே மறுபடி பிரிண்ட் எடுங்கள், ஜெராக்ஸில் அளவு மாறும். இரண்டு காப்பி எப்படியும் தேவை. ஒன்று பலகையில் விரிக்க, இன்னொன்று ரிப்பையும் ஃபார்மரையும் வெட்டி எடுக்க.

பாதி இறக்கை மட்டும் வரைந்த பிளானுக்குக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிய இன்னொரு காப்பியும் வேண்டும். கிம்பில் கிடைவாக்கில் திருப்பிச் சேமித்தால் போதும், எழுத்து இடவலம் மாறித் தெரிவதைப் பற்றிக் கவலை வேண்டாம். இதை மறந்து ஒரே பிளானில் இரண்டு முறை கட்டினால் கையில் இரண்டு இடது இறக்கைகள்தான் இருக்கும். பிரிண்ட் ஏற்கெனவே எடுத்துவிட்டீர்களானால் காகிதத்தின் பின்புறம் லேசாக எண்ணெய் தடவித் துடைத்தால் கோடு மறுபக்கம் தெரியும். மேலே பிளாஸ்டிக் தாள் கட்டாயம், எண்ணெய் ஏறிய பால்சாவில் பசை பிடிக்காது.

சிறிதாக்க, பெரிதாக்க

புது சதவீதம் = வேண்டிய இறக்கை நீளம் ÷ பிளானின் இறக்கை நீளம் × 100. 1,200 மி.மீ. மாடலை 900 ஆக்க 75. ஆனால் இறக்கைப் பரப்பு 75 சதவீதம் ஆகாது, 56 தான். ரேடியோ, சர்வோ (சுக்கான் போன்றவற்றை அசைக்கும் சிறு மோட்டார்), பேட்டரி ஆகியவற்றின் எடை அப்படியே இருந்தால் குறைந்த பரப்பு அதே சுமையைத் தூக்க வேண்டியிருக்கும், வேகமாகப் பறந்தால்தான் வானில் நிற்கும். பள்ளங்களும் சுருங்கும். 3.2 மி.மீ. பலகைக்கான பள்ளம் 2.4 ஆகிவிடும். அதற்கு 3/32 அங்குலப் பலகை கிடைக்கும் என்பதால் 75 சதவீதம் ஒரு அதிர்ஷ்டமான எண். 80 என்றால் 2.56, அந்தத் தடிமனில் மரம் கிடைக்காது, எல்லாப் பள்ளங்களையும் திருத்த வேண்டும். 10 சதவீதத்துக்குள் மாற்றினால் பள்ளங்களைக் கையாலேயே சரிசெய்துகொள்ளலாம். அதற்கு மேல் போனால் இங்க்ஸ்கேப் என்ற வரைபட மென்பொருளில் ரிப்புகளைத் திருத்தி வரைந்துவிட்டுப் பிரிண்ட் எடுங்கள்.

காகிதத்திலிருந்து மரத்துக்கு

லேசர் பிரிண்டுக்கு ஒரு தனி வசதி உண்டு. கண்ணாடிப் பிம்பமாகப் பிரிண்ட் எடுத்து, மை உள்ள பக்கத்தை பால்சாவின் மேல் கவிழ்த்து, நீராவி இல்லாமல் சூடான இஸ்திரிப் பெட்டியை அழுத்தித் தேய்த்தால் டோனர் உருகி மரத்தில் ஒட்டும். ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள், கோடு மங்கலாக இருந்தால் இன்னும் சற்று அழுத்துங்கள். தாள் நகரக் கூடாது, நகர்ந்தால் இரட்டைக் கோடு விழும். இங்க்ஜெட் மை இப்படி ஏறாது. அதற்குத் தாளையே ஸ்டிக் பசையால் லேசாக ஒட்டி வெட்டிவிட்டு உரித்து எடுக்கலாம்.

தையலில் பேப்பர் கட்டிங்கைத் துணியின் மேல் வைப்பதுபோல, மரத்திலும் நார் ஓடும் திசையைப் பார்த்தே வடிவத்தை வைக்க வேண்டும். ரிப்புக்கு நார் நீளவாக்கில் ஓட வேண்டும். மரம் மிச்சமாகிறதே என்று குறுக்கே வைத்து வெட்டிய ரிப் ஸ்பார் பள்ளத்தின் இடத்திலேயே ஒடியும். பிளானில் அம்புக்குறி இருந்தால் அது நார்த் திசை. கோட்டுக்கு வெளியே வெட்டி, உப்புத்தாளால் கோட்டின் நடுவரை தேயுங்கள். ஒரே அளவுள்ள ரிப்புகள் பத்து வேண்டுமென்றால் பத்து முறை கோடு ஏற்ற வேண்டாம். 1.5 மி.மீ. பிளைவுட்டில் ரிப் வடிவ மாதிரி இரண்டு வெட்டி, நடுவில் பால்சாத் துண்டுகளை அடுக்கி, ஊசியால் இறுக்கி மொத்தமாகத் தேய்த்தால் பத்தும் ஒரே அச்சாக வரும்.

திருத்திய ஃபைலைத் தனிப் பெயரில் சேமித்துவிடுங்கள்: மாடலின் பெயர், இறக்கை நீளம் மி.மீ.யில், கிடை டி.பி.ஐ., செங்குத்து டி.பி.ஐ., எந்த பிரிண்டரில் எத்தனை சதவீதம். கீழே விழுந்து ஒடிந்த வால் ஒன்றை ஆறு மாதம் கழித்து மறுபடி வெட்ட நேர்ந்தால் அந்த ஒரு பக்கத்தை மட்டும் அதே அளவில் எடுத்துக்கொள்ளலாம்.